சுங்க ஒன்றியம் வேறு, ஒற்றைச் சந்தை வேறு

கரோல் பாக்கில் ரூம் எடுத்துக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிற அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே. புரம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். ரசம் ஊற்றும்போது கேட்டான்: "மாமா, பிரெக்ஸிட்ல சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லவே இல்லை. பிரெக்ஸிட் என்பது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது; அவன் கேட்ட இரண்டும் அந்த ஒன்றியத்தின் தனித்தனி ஏற்பாடுகள். சுங்க ஒன்றியம் என்றால் உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி. ஒற்றைச் சந்தை இன்னும் ஆழமானது: சரக்கு, சேவை, மூலதனம், ஆட்கள் நான்கும் தடையின்றிப் போய்வரலாம், விதிகளும் பொது. நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி நேர்மாறு. இந்த இரண்டு நாடுகளை நினைவில் வைத்தால் குழப்பமே வராது.

2017 மார்ச் 29-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவின்படி விலகல் அறிவிப்புக் கொடுத்தது. இரண்டு ஆண்டு கெடு. இழுத்தடித்து, வெளியேறியது 2020 ஜனவரி 31. இழுத்ததற்கு முக்கியக் காரணம் 'பேக்ஸ்டாப்'. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்துக்கும் நடுவே மறுபடி சோதனைச் சாவடி வந்துவிடக் கூடாது, 1998 அமைதி உடன்பாடு குலையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அது இருந்த, அப்போதைய பிரதமர் தெரசா மேயின் விலகல் ஒப்பந்தத்தை பிரிட்டன் நாடாளுமன்றம் 2019-இல் மூன்று முறை நிராகரித்தது.

பையன் மெயின்ஸைத் தமிழில் எழுதுகிறான். பேக்ஸ்டாப்புக்குக் 'காப்பு ஏற்பாடு' என்றேன். அதைவிடப் பொருத்தமான சொல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவனுக்கு அனுப்ப வேண்டும்.