உதைக்க ஒரு சுவர்

குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், தேவையில்லாமல் தொடாதே என்பதுதான். 28 வாரத்தில் பிறந்து, ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைக்கு இன்குபேட்டர் கதவைப் பட்டென்று சாத்தும் சத்தமே பெரிய அதிர்ச்சி. அடிக்கடி தொட்டால் ஆக்ஸிஜன் அளவு இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். பாடம் சரிதான். எப்போது தொடத் தொடங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின.

குழந்தையின் எலும்பில் சேர வேண்டிய கால்சியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. அதே மாதங்களில் உள்ளே இடம் நெருக்கமாகிவிடும். ஒவ்வொரு உதைக்கும் கர்ப்பப்பையின் சுவர் எதிர்த்துத் தள்ளும். எலும்பு உறுதியாவதற்கு அந்த அழுத்தமும் தேவை. 32 வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்குக் கால்சியமும் பாதியில் நின்றுபோகிறது, சுவரும் இல்லாமல் போகிறது. படுக்கையில் கால்கள் தவளை போல விரிந்து கிடக்கும். உதைத்தால் காற்றுதான். அதனால்தான் துணியைச் சுருட்டிக் கூடு மாதிரி சுற்றி வைக்கிறோம். காலை நீட்டினால் எதிலாவது முட்ட வேண்டும்.

உடல்நிலை நிலைத்து, பால் ஒத்துக்கொண்ட பிறகு, மருத்துவர் சம்மதித்தால் பயிற்சி. மணிக்கட்டு, முழங்கை, தோள், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டாக மடக்கி, நீட்டி, மிக லேசாக ஓர் அழுத்தம். மொத்தமே 5 முதல் 10 நிமிடம். என் விரல் தடிமன்கூட இல்லாத கணுக்காலைப் பிடிக்கும்போது என் கண் குழந்தையின் முகத்தில்தான் இருக்கும். விரல்களை விரித்தாலோ, விக்கல் வந்தாலோ, நிறம் மாறினாலோ அத்தோடு நிறுத்திவிடுவேன். மெலிந்த எலும்பு முறிந்துவிடக்கூடியது. யாரும் இதைத் தானாக முயலக் கூடாது.

இப்படிச் செய்த குழந்தைகளுக்கு எடையும் எலும்பின் தாதுச் சத்தும் கூடியதை 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதன் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், பலன் சிறியது, குறுகிய காலத்துக்கானது. நீண்ட காலப் பலன் நிரூபிக்கப்படவில்லை. பாலோடு சேர்க்கும் கால்சியம், பாஸ்பரஸ், புரதம் இல்லாமல் வெறும் பயிற்சி எதையும் வளர்த்துவிடாது. ஆனால் 2008இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமானது. கற்றுக்கொடுத்து அம்மாவே செய்தாலும் எலும்புக்குப் பலன் கிடைக்கிறது என்றது அது. அப்புறம்தான் நான் அம்மாக்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தேன். நடுங்கும் கையோடு பாதத்தைத் தாங்கிய ஓர் அம்மா, "தள்ளுது மேடம், என்னைத் தள்ளுது" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 27 வாரத்தில் பிறந்து எங்களிடம் வளர்ந்த ஒரு பையன், நாலு வயதில் மறுபடி வந்தான். கையைப் பிடிக்காமல் படி ஏறத் தெரியவில்லை. பத்தடி நடப்பதற்குள் நின்று அம்மாவைத் தேடினான். ஓடியதுண்டா என்று கேட்டேன். "விட்டதே இல்ல மேடம். எலும்பு மெல்லிசு, ஜாக்கிரதைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். டிஸ்சார்ஜ் அன்றைக்கு, அந்தச் சில மாதங்களுக்காகச் சொன்னது. அது எப்போது முடிகிறது என்று நான் சொல்லவில்லை, அந்த அம்மா அதை நாலு வருடம் கடைப்பிடித்திருக்கிறார். இந்தக் குழந்தைகளில் பலருக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும், கைகால் ஒருங்கிணைப்பும் கொஞ்சம் தாமதம். விளையாட்டில் பின்தங்குவார்கள், அப்புறம் ஒதுங்கிக்கொள்வார்கள். 3, 4 வயதில் ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். குறைமாதம் என்ற ஒரே காரணத்துக்காக அவனை உட்கார வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு தேதிகளைக் கையால் எழுதித் தருகிறேன். ஒன்று, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட ஆரம்பிக்கும் நாள். இன்னொன்று, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்டு ஒரு வயது நிறையும் நாள். அன்றைக்குக் குழந்தையைப் பரிசோதித்துவிட்டு, எல்லாம் சரி என்றால், "இனி விழுந்தால் விழட்டும்" என்று அம்மாவிடம் நேரில் சொல்வதற்காக மட்டுமே அந்தச் சந்திப்பு.