நாலாவதாக வந்தவர்

தாத்தா வீட்டில் வாசற்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே நீளமாக ஓர் இருட்டு இருந்தது. அதுதான் ரேழி. மழை நாளில் குடையை அங்கேதான் விரித்து வைப்பார்கள். தண்ணீர் சொட்டித் தரையில் வட்டம் போட்டிருக்கும். உள்ளே அழைப்பதா, அப்படியே அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்க முடியாத ஆட்களை உட்கார வைப்பதும் அங்கேதான்.

இடைகழி தேய்ந்துதான் ரேழி ஆனது. ‘டேழி’ என்பவர்களும் உண்டு. பாதி தேய்ந்த உருவம். கழிதல் என்றால் கடந்துபோதல். கடந்துபோவதற்கான இடம், தங்குவதற்கானது அல்ல.

அப்படி ஓர் இடத்தில் மூன்று ஆழ்வார்கள் தங்கிய ஊர் திருக்கோவிலூர். தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. உலகளந்த பெருமாள் கோயில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பாட்டி, பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். மழை இரவு. இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்காருகிறார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நிற்கிறார்கள். அதற்கு மேல் இடமில்லை.

“நாலாவதாக யாராவது வந்தால்?” என்றான் பையன்.

“வந்தாரே! இருட்டில் நெருக்கினாரே, அவர்தான் பெருமாள்.”

யார் நெருக்குவது என்று பார்க்கப் பொய்கையார் வையத்தையே தகளியாக்கி, அதாவது அகலாக்கி, விளக்கேற்றினார். பூதத்தார் அன்பைத் தகளியாக்கினார். பேயார் ‘திருக்கண்டேன்’ என்றார். பாட்டி இதைச் சொல்லி முடிக்கவும் நாங்கள் சன்னிதிக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

உயர்ந்த திருமேனி. உலகளக்கத் தூக்கிய திருவடிக்கு அருகே அர்ச்சகர் தீபத்தைக் கொண்டுபோனார். பிறகு மெல்ல மேலே. வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். பழகிய கண்ணுக்கு இடம் மாறியதுபோல் இருக்கும். உற்சவருக்குத் தேகளீசன் என்றும் பெயர். வடமொழியில் தேஹளி என்பது வாசலை ஒட்டிய இடம். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் இவர்மீது பாடியதும் ‘தேஹளீச ஸ்துதி’தான். உலகளந்தவருக்கு ரேழியை வைத்து ஒரு பெயர்!

பொய்கையார் பாசுரத்தில் இன்னும் நுட்பம். ‘வாசல் கடைகழியா உள்புகா’ என்கிறார். வாசலைக் கடந்து வெளியே போகவும் இல்லை, உள்ளே புகவும் இல்லை. கோவல் என்கிற இந்தத் திருக்கோவிலூரின் இடைகழியையே பற்றி நின்றுவிட்டாராம் பெருமாள், திருமகளோடு.

“நகருங்கள், நகருங்கள்” என்றது ஒரு குரல். நகர்ந்தோம். அந்தப் பையன் மட்டும் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.