கையால் முடித்த கால்

"இந்தக் கால்லயும் ஓட்டை போட்டிருக்காங்களே தம்பி, அப்ப ரெண்டும் மெஷின்லதானே?" என்று, இரண்டு முழங்கால் மூட்டையும் மாற்றும் ரோபோ ஆபரேஷன் முடிந்திருந்த அந்த அம்மா பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போயிருக்கலாம்.

ஓட்டை என்று அவர் காட்டியது கணைக்கால் எலும்பில் உலோகப் பின்கள் இறக்கிய தழும்புகளை. அந்தப் பின்களில்தான் டிராக்கர் என்ற அடையாளக் கருவி நிற்கும். கேமரா அதைப் பார்த்துத்தான் கால் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ளும். டாக்டர் எலும்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் காட்ட, கணினி அதை சிடி ஸ்கேனோடு பொருத்தும். அப்புறம் பின் லேசாக ஆடினாலும் கணக்கு மொத்தமும் பொய். அம்மாவுக்கு எலும்பு மெலிவு. வலது காலில் சிக்கலில்லை, இடது காலில் பின் பிடிக்கவில்லை. டாக்டர் ரோபோவை ஓரம் கட்டிவிட்டு, பழைய முறையில் ஜிக் என்ற வெட்டு அச்சை வைத்து வெட்டி முடித்தார். ரோபோ வருவதற்கு முன் வருடக்கணக்கில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தவர். மகனிடம் அன்றே சொல்லியாயிற்று, பில்லிலும் ஒரு காலுக்குக் கழித்தாயிற்று. அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று மகன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டது எனக்குத் தெரியாது. நான் கேஸ் ஷீட்டைத்தான் படித்திருந்தேன்.

"இடது காலை டாக்டர் கையாலயே முடிச்சாரும்மா. ரெண்டும் ஒண்ணுதான்." முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது.

அடுத்த வாரத்திலிருந்து இடது கால் முரண்டு பிடித்தது. வலது 110 டிகிரி மடங்கியபோது இது 90இலேயே நின்றது. எக்ஸ்ரேயில் இரண்டிலும் குறையில்லை. "கையால வெட்டின கால் தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்பார். மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களை யார் சார் சொல்லச் சொன்னது?" என்றார்.

கால் அவருடையது, கேட்டதும் அவர். நாளைக்கே டிஸ்சார்ஜ் சம்மரியை யாராவது படித்துக் காட்டியிருந்தால், அப்புறம் நான் சொல்லும் எதை நம்பியிருப்பார்? அதோடு இடது கால் முன்பே மோசம். முழுசாக மடக்கவே வராது. ஆபரேஷனுக்கு முன் மடக்கம் குறைந்த மூட்டு, பின்னாலும் மெதுவாகத்தான் வரும். நான் வாயே திறக்காவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். சரி, அப்படியென்றால் ஏன் சரியாக அந்த வாரத்திலிருந்து?

1992இல் அமெரிக்காவில் இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்திய ரோபோடாக் என்ற ரோபோ, தானாகவே எலும்பைக் குடைந்தது. எங்களிடம் இருப்பதில் ரம்பம் டாக்டர் கையில்தான். திட்டமிட்ட எல்லையைத் தாண்ட விடாமல் இயந்திரக் கை பிடித்துக்கொள்ளும். வெட்டு துல்லியமாகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கொஞ்ச காலம் கழித்து நோயாளிகளைக் கேட்டால், வலியிலோ நடையிலோ பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்றுதான் பல ஆய்வுகளும் சொல்கின்றன. இதையெல்லாம் அவரிடம் விளக்கியும் பார்த்தேன். வரவேற்பறை போஸ்டரில் டாக்டரே கிடையாது, வெள்ளை மெஷின் மட்டும்தான். அதை அவர் நம்பியதில் என்ன தப்பு? அந்த நம்பிக்கைதான் வலது காலுக்குப் பாதி மருந்தோ என்னவோ. அப்படித் தோன்றும் நாளில், ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் என்றும் தோன்றும்.

இப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு முன் பயிற்சிக்கு வருகிறவர்களிடம், தேவைப்பட்டால் பாதியில் கைமுறைக்கு மாறுவார்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் படிவத்திலும் அது இருக்கிறது. "கையாலயே நல்லா வரும்னா எதுக்கு சார் கூடுதல் காசு?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.