நோட்டின் ஓரத்தில் எழுதிய பெயர்கள்

எங்கள் மெல்லிசைக் குழுவின் பாட்டு நோட்டுகளில் மூன்று இன்றும் என்னிடம் இருக்கின்றன. எந்த இடையிசையை எந்தக் கருவி வாசிக்க வேண்டும் என்பதை ஸ்வரங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைப்போம். ஒரே பாட்டின் ஓரத்தில் ‘வயலின்’ கோடிட்டு அடிக்கப்பட்டு ‘கீ’ (கீபோர்டு) என்றும், ‘தபேலா’ அடிக்கப்பட்டு ‘பேட்’ (தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவி) என்றும் ஆகியிருக்கும். குழுவுக்கு வந்தவர்களும் போனவர்களும் அந்த ஓரங்களில்தான் பதிவாகியிருக்கிறார்கள்.

1988இல் திருநெல்வேலியில் நான் பாங்கோஸ் மேளம் வாசிக்கச் சேர்ந்தபோது குழுவில் 14 பேர் இருந்தோம். அக்கார்டியன், மாண்டலின், தபேலா, டோலக் என்று 4 பேரோடு தொடங்கிய குழு அது என்று தலைவர் சொல்வார். 1976இல் இளையராஜா திரைக்கு வந்தபின் அந்த நால்வர் போதவில்லை. அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். அதை விட்டுவிட்டு வாசித்தால், இசை தெரியாதவருக்கும் பாட்டு வெறிச்சென்று கேட்கும். பேஸ் கிட்டார்காரர், 2 வயலின்காரர்கள், புல்லாங்குழல்காரர் என ஒவ்வொருவராகச் சேர்ந்து, வேனில் இடம் போதாமல் காங்கோ மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு போன காலம் அது.

1992இல் ஏ.ஆர்.ரகுமான் வந்ததும் கணக்கு தலைகீழாயிற்று. அந்த ஒலிகளை எந்த வயலினிலும் எடுக்க முடியாது; நல்ல கீபோர்டு ஒன்று இருந்தால் போதும் என்றாயிற்று. தாளப் பக்கத்தில் அதே வேலையைப் பேட் செய்தது. இந்தப் பேடுகளில் 1985இல் வெளிவந்த முதல் ஆக்டோபேடுக்குள் ஒலிகள் கிடையாது. வேறொரு கருவியோடு இணைத்தால்தான் பேசும். பின்னால் வந்தவற்றில் தபேலாவும் டிரம்ஸும் உள்ளேயே இருந்தன. வாடகைக்கு எடுத்து, இரவெல்லாம் தட்டிப் பழகி, பேட் வாசிப்பவனாக நான் மாறிக்கொண்டேன். பிழைப்புக்காகத்தான், கலைத்தாகம் என்று சொன்னால் அது பொய்.

யாரையும் முகத்துக்கு நேரே சொல்லிக் குழுவிலிருந்து நிறுத்தியதில்லை. அடுத்த கச்சேரிக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்பார் தலைவர்; சொல்லி அனுப்ப மாட்டார். 1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்டை நீக்கிய இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவினரும் அதைத் தாங்களே சொல்லாமல், மேலாளர் பிரையன் எப்ஸ்டீனைச் சொல்ல வைத்தவர்கள்தான். எங்களுக்கு மேலாளர் இல்லை. ஆகவே தபேலா அண்ணாச்சி வீட்டுக்கு நான் அனுப்பப்பட்டேன். அவருடைய இடத்தில் உட்காரப் போகிறவனே போய்ச் சொல்வது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது, அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சி, “சரி தம்பி” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து, தை மாதத்தில் அவர் ஊர்க் கோயில் கொடையில் எங்கள் கச்சேரி. 6 பேர்தான் போயிருந்தோம். முன்பெல்லாம் நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கினால் தபேலாவின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் அண்ணாச்சி சின்னச் சுத்தியலால் கட்டைகளைத் தட்டி ஏற்றிக்கொண்டிருப்பார். அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். கச்சேரி முடிந்ததும் மேடையேறி வந்து, ஈரமாயிருந்த பேடை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு பனிக்கும் இறங்கவே இல்லையே தம்பி” என்றார்.