கூடத்துக் கன்சோல்

வீடியோ கேம் ஆடுவதற்கென்றே ஒரு பெட்டியை வாங்கி, டிவிக்குக் கீழே அதற்கு நிரந்தரமாக இடம் ஒதுக்குவது வீண் செலவு என்று கருதுகிறவர்கள் என் நண்பர்களிலேயே பலர் உண்டு. நல்ல கணினி இருந்தால் அதே ஆட்டங்களை இன்னும் துல்லியமான படத்தில் ஆடலாம், கைப்பேசியிலோ பாதிக்கு மேல் இலவசம் என்பது அவர்கள் வாதம். அதில் பிழையில்லை. ஆனால் கணினியும் கைப்பேசியும் ஒரு ஆளுடைய பொருள்கள். கன்சோல் வீட்டுக்குச் சொந்தமான பொருள். அது கூடத்தில் இருக்கிறது; கன்ட்ரோலரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆடத் தெரியாதவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம், ஆடி முடித்த டிஸ்க்கை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். தில்லியில் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, இப்போது துவாரகாவில் குடியிருக்கும் எனக்கு, கன்சோல் வைத்திருப்பதன் அருமை இதில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருவதும் இதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது, நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் எண்ணற்ற நகல்களில் ஒன்று. தொண்ணூறுகளில் நம் நகரங்களில் டிவி கேம் என்று விற்றவற்றில் பெரும்பகுதி இந்த நகல்கள்தான். மஞ்சள் நிறக் கேசட்டின் மேல் ‘9999999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் சில ஆட்டங்களே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். காண்ட்ரா என்ற ஆட்டத்தில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 லைஃப் கிடைக்கும் என்பது குடியிருப்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இணையம் இல்லாத காலத்தில் அது எப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, கிரேடியஸ் என்ற வேறோர் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது தமக்கு எளிதாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்ட வழி அது. அவர் 2020-இல் காலமானார்.

அந்தப் பெட்டியுடன், திரையில் பறக்கும் வாத்துகளைச் சுடும் ஆட்டத்துக்காக வந்த துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒளி கிளம்பி டிவியைத் தாக்குகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். நடப்பது அதற்கு நேர்மாறானது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளியுணர்வி அந்த வெள்ளையைக் கண்டால் குறி சரி, காணாவிட்டால் தவறு. பழைய படக்குழாய் டிவி, சமிக்ஞை வந்த நொடியிலேயே படத்தை வரைந்துவிடும் என்பதால்தான் இது சாத்தியமாயிற்று. எல்சிடி டிவிகள் படத்தைப் பதப்படுத்திக் காட்டச் சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சிறு தாமதத்திலேயே துப்பாக்கிக்குக் கண் போய்விடுகிறது. கன்சோலைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதாது, அது பிறந்த காலத்து டிவியையும் வைத்திருக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அந்தத் துப்பாக்கிதான்.

பிறகு பாலிகா பஜார் வந்தது. கன்னாட் பிளேஸில் தரைக்கு அடியில் இருக்கும் அந்தச் சந்தைக்குப் போகாமல் தில்லியில் யாரும் கன்சோல்காரராக ஆனதில்லை என்றே சொல்லலாம். ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கன்சோல்கள் 100, 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. ஆகவே கன்சோலை வாங்குகிறவர்கள் கனமான ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். 2000-இல் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வெளியாகி, சில ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கும் வந்தது; அது டிவிடி படங்களையும் ஓட்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அப்பா சம்மதித்தார். உலகெங்கும் ஏறத்தாழ 16 கோடி விற்று, இன்றுவரை அதிகம் விற்ற கன்சோலாக அது இருப்பதற்கு, எத்தனையோ வீடுகளில் அப்பாக்கள் இதே காரணத்துக்காகத் தலையசைத்ததும் ஒரு பங்கு என்பது என் எண்ணம். இஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் ஆட்ட வரிசையில் 2006-இல் வந்த கிரிக்கெட் 07-தான் கடைசி என்றாலும், அதற்குப் பின் பல ஆண்டுகள் எங்கள் மாடிப் படியில் இரவு உணவுக்குப் பின் கேட்ட சத்தம் அதனுடையதுதான். 2009-இல் இந்தியாவிலேயே உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற ஆட்டமும் அதே பிளேஸ்டேஷன் 2-க்குத்தான் வந்தது.

பாலிகாவில் பணத்தைவிட டிஸ்க்தான் அதிகமாகக் கைமாறியது. ஆடி முடித்த டிஸ்க்கைக் கடைக்காரர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். வட்டமாகக் கீறல் இருந்தால் உதட்டைப் பிதுக்குவார், குறுக்காக இருந்தால் பரவாயில்லை என்பார். சுற்றிக்கொண்டு போகும் கீறல், தகவல் எழுதியிருக்கும் தடத்தோடு சேர்ந்து ஓடி நிறையப் பகுதியைத் தொடர்ச்சியாக மறைத்துவிடும். குறுக்குக் கீறலில் சிறு சிறு துண்டுகளே மறைவதால், பிழைதிருத்தும் முறை அதைச் சமாளித்துக்கொள்ளும். இந்த நுணுக்கத்தை நான் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அந்தக் கவுன்டரில்தான். பார்த்து முடித்ததும் வித்தியாசத் தொகையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்தோடு வெளியே வருவேன். மாணவனாக இருந்தபோது ஓர் ஆட்டத்தின் முழு விலையை நான் கொடுத்தது அரிது.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 எங்கள் வீட்டுக்கு வரவில்லை. 2006 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த அதை நண்பர்கள் வீட்டில்தான் ஆடியிருக்கிறேன். பழுதானால் அதன் முகப்பில் எரியும் சிவப்பு வளையம் உலகப் புகழ் பெற்றது. சூடாகிச் சூடாகி ஆறுவதில் உள்ளே இருக்கும் நுண்ணிய இணைப்புகள் விரிசல் கண்டதே காரணம் என்று மைக்ரோசாஃப்டே பின்னாளில் விளக்கியது. 2007-இல் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டித்து, 100 கோடி டாலருக்கு மேல் அதற்கென ஒதுக்கியது. வெப்பம்தான் கன்சோலின் முதல் எதிரி என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

தில்லிக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பிளேஸ்டேஷன் 5-இன் கையேட்டைப் பிரித்தால், அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் இங்கே வெளியே 45 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருகின்றன. ஏசி ஓடாத கூடத்தில் நண்பகலில் 35 என்பது எட்டாக்கனி. கூலர் வைத்திருக்கும் வீடுகளில் வேறொரு தொல்லை: கூலர் தருவது ஈரக் காற்று, அது நேராகக் கன்சோலின் மேல் வீசினால் குளிர்ச்சியோடு ஈரமும் உள்ளே போகும். ஆகவே எங்கள் வீட்டில் கூலர் ஒரு சுவரை ஒட்டியும் கன்சோல் எதிர்மூலையிலும் இருக்கும். கோடையில் சூரியன் மறையும் முன் நான் கன்சோலைப் போடுவதில்லை.

வெப்பத்தோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. புழுதிக் காற்று அடித்த மறுநாள் சன்னல் கம்பியில் விரலை வைத்தால் தெரியும். அதே புழுதியைக் கன்சோலின் ஃபேன் நாள்தோறும் உள்ளே இழுக்கிறது. பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ முதன்முதலாகத் திறந்தபோது, வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல ஒரு படலம் அடைத்திருந்தது. அதை எடுத்த பின், ஆட்டத்தின் வசனத்தையே அமுக்கிவிடும் அளவுக்கு இரைந்துகொண்டிருந்த ஃபேன் அடங்கிவிட்டது. பிளேஸ்டேஷன் 5-இல் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து வெள்ளைத் தகட்டைக் கையாலேயே கழற்றிவிடலாம். உள்ளே தூசி வந்து சேர்வதற்கென்றே இரண்டு துளைகள் உண்டு. அவற்றின் மேல் வேக்கூம் கிளீனரின் மெல்லிய முனையை வைத்து உறிஞ்சினால் போதும். ஃபேனுக்குப் பக்கத்தில் செய்யும்போது மட்டும், அதன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அது கட்டுமீறிச் சுற்றினால் பழுதாகலாம். கோடைத் தொடக்கத்தில் ஒரு தடவை, தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு தடவை என்று நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

கன்ட்ரோலர் தேய்வதும் இதே போன்றதுதான். தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் அதற்கு டிரிஃப்ட் என்று பெயர். பெரும்பாலும் ஸ்டிக்கின் அடியில் இருக்கும் கார்பன் தடம் தேய்ந்திருக்கும், அல்லது அதில் தூசி படிந்திருக்கும். பாலிகாவில் ரிப்பேர் செய்கிறவர்கள் பழைய ஸ்டிக்கைச் சால்டர் உருக்கி எடுத்துவிட்டு, காந்தத்தால் அசைவை அறியும் புதிய வகை ஸ்டிக்கை வைத்துத் தருகிறார்கள். உரசல் இல்லாததால் அது தேய்வதில்லை. புதுக் கன்ட்ரோலர் வாங்குவதைவிட இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

இத்தனை பாடுபட்டுப் பராமரிக்கும் பெட்டிக்குள் ஓடும் ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் இப்போதைய கேள்வி. பிளேஸ்டேஷன் 5, 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, டிஸ்க் போடும் வசதியுள்ளதன் விலை 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் வகை 39,990 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் என்று பலரும் டிஜிட்டலைத் தேடினார்கள். அப்போது சோனியின் பெரிய ஆட்டம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். டிஸ்க்காக வாங்கினால் முடித்ததும் விற்கலாம், மாற்றலாம். சில ஆட்டங்களிலேயே அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். டவுன்லோடு செய்ததை யாரிடம் விற்பது? கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் என் அக்கா மகன், ஊருக்குக் கிளம்பும்போது, “மாமா, இந்த டிஸ்க்கை நான் எடுத்துட்டுப் போய் முடிச்சிட்டுக் கொண்டாரட்டுமா?” என்று கேட்பான். டவுன்லோடு ஆட்டத்தைப் பற்றி அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

கடை மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். நிண்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று வீ யு, 3டிஎஸ் என்ற தன் இரண்டு பழைய கருவிகளுக்குமான இணையக் கடைகளை மூடியது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ ஆட்டத்தின் சர்வர்களை நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது ஆடக் கிடைக்காமல் போயிற்று. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நிறைவேறியது: டிஜிட்டல் பொருளை விற்கிறவர்கள், வாங்குகிறவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலின் ஆட்ட அட்டைகளில் ஒரு வகையில் ஆட்டமே இருப்பதில்லை. அது டவுன்லோடுக்கான சாவி மட்டும். ஆனாலும் அந்த அட்டையைக் கொடுக்கலாம், விற்கலாம் என்ற அளவில் எனக்கு அது டிஜிட்டலைவிட மேல்.

ஆனால் இந்த வாதத்தை முழுமையாக முடிக்கவிடாமல் என் கையைப் பிடிக்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “குழிக்கு நேரே குழி வரக் கூடாதுடா, மாத்தி வை, அப்பதான் ஆவி மேல ஏறும்” என்றார். மாற்றி வைத்தேன், சரியாக வந்தது. அதன்பின் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆட்டம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. டிவி கேம் காலத்திலிருந்து வீட்டில் கன்சோல் இருக்கிறது. அதில் வந்த ஓர் ஆட்டத்தில் அம்மாவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது இதில்தான்.

அந்த ஆட்டத்தை நான் டவுன்லோடு செய்துதான் வாங்கினேன். டொரான்டோவின் ஒரு சிறு குழுவின் ஆட்டம் வெளியான உடனே துவாரகாவில் எங்கள் கூடத்துக்கு வந்து சேர இணையக் கடையைத் தவிர வேறு வழியே இருந்திருக்காது. அதனால் டிஜிட்டல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டிஸ்க் போடும் வசதி எடுக்கப்படக் கூடாது என்றுதான் சொல்வேன். 2023 இறுதியில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் டிஸ்க் டிரைவைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். 2024 நவம்பரில் வந்த புரோவில் அது இல்லவே இல்லை, தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். அப்படி மாட்டும்போது ஒரு முறை இணையத்தில் இணைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சர்வர் இருக்கும் வரைதான் புதிதாக ஒரு டிரைவை மாட்டிக்கொள்ள முடியும். என்னிடம் இருப்பது டிரைவ் உள்ளேயே பொருத்தி வந்த 2021-ஆம் ஆண்டு மாடல். புதிது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் கழிவு கிடைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் கொடுக்கப் போவதில்லை. வெண்பாவோடும் அலமாரியில் இருக்கும் டிஸ்க்குகளோடும் அது அக்கா வீட்டுக்குச் சென்னைக்குப் போகும். தூசி எடுக்கும் முறையை இந்தக் கோடையிலேயே மருமகனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.