ஃபால்ட் பக்கத்துல தரை எவ்ளோ நகரும்? கணக்கு போட்டு பார்த்தேன்

பூகம்பம்னா எல்லாரும் குலுங்குறத பத்திதான் பேசுவாங்க, ஆனா குலுங்கி முடிச்சப்புறம் தரை பழைய இடத்துக்கே வராம தள்ளி உக்காந்துக்குது பாருங்க, ரெண்டு வாரமா எனக்கு அதுதான் பைத்தியம். 1906 சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்துல ஒரு வேலி ஃபால்ட்ட (ரெண்டு பக்க பாறையும் ஒண்ணையொண்ணு உரசி நகருற நிலப் பிளவு) தாண்டுற இடத்துல ரெண்டரை மீட்டர் விலகி நிக்குற போட்டோ பார்த்ததுல ஆரம்பிச்சது.

முதல்ல ஈஸியான மாடல். ஃபால்ட் செங்குத்து, நீளம் முடிவே இல்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு உரசி கிடைமட்டமா நகருது, தரை வெறும் எலாஸ்டிக். அப்போ ஃபார்முலா ஒரே வரி, சறுக்கலை (ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு நகர்ந்த அளவு) பை-யால வகுத்து, சறுக்கல் எவ்ளோ கீழ வரைக்கும் போச்சோ அந்த ஆழத்தை ஃபால்ட்ல இருந்து இருக்குற தூரத்தால வகுத்தா வர்றதோட ஆர்க்டேன் (டேனோட தலைகீழ், கோணத்த குடுக்கும்) எடுத்து பெருக்கணும், அவ்ளோதான். பைத்தான்ல அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். பிளாட் வந்தா ஃபால்ட் இருக்குற இடத்துல தாவலே இல்ல, இடது பக்கம் தூரமா போகப் போக மொத்த நிலமும் 3 மீட்டர் நகருது! ஒரு ராத்திரி பூரா மண்டைய உடைச்சப்புறம்தான் தெரிஞ்சது, பழக்க தோஷத்துல ஆர்க்டேன்2 போட்டிருக்கேன், அது தூரம் மைனஸ் ஆனதும் 90 டிகிரிய தாண்டி போய்க்கிட்டே இருக்கும். 2-வ அழிச்சதும் சரியாயிடுச்சு.

சறுக்கல் 3 மீட்டர், ஆழம் 12 கிமீன்னு வச்சா ஃபால்ட் ஓரத்துல 1.5 மீட்டர், 12 கிமீ தள்ளி 75 செமீ, 50 கிமீ தள்ளி 22 செமீ. அப்புறம் சும்மா ஆசைக்கு, மேல் 1 கிமீ உடையாம அப்படியே இருந்தா என்ன ஆகும்னு பார்த்தேன். 50 கிமீல வித்தியாசம் வெறும் 2 செமீதான், ஆனா ஃபால்ட் கோட்டு மேல 1.5 மீட்டர் போய் பூஜ்யம் ஆயிடுச்சு! அதிகபட்ச நகர்வு மூணரை கிமீ தள்ளி, 96 செமீ. அதாவது தூரத்துல இருக்குற ஜிபிஎஸ்ஸ மட்டும் வச்சுக்கிட்டு ஃபால்ட் மேலயே என்ன நடந்துச்சுன்னு சொல்றது ரொம்ப கஷ்டம், ஆனா குழாய், ரோடு போடுறவங்களுக்கு வேண்டியதே அந்த கோட்டு மேல வர்ற தாவல்தான். அலாஸ்கா எண்ணெய் குழாய்க்கு டெனாலி ஃபால்ட் கிட்ட 6 மீட்டர் பக்கவாட்டு நகர்வ தாங்குற மாதிரி சறுக்குற தாங்கிகள் வச்சிருந்தாங்க, 2002-ல 7.9 பூகம்பம் வந்தப்போ குழாய் உடையல, எண்ணெயும் சிந்தல.

நடுவுல ஒரு கோணல் வழியும் முயற்சி பண்ணேன், ஆக்சிலரோகிராம் (தரையோட முடுக்கத்த பதிவு பண்றது) ரெக்கார்ட ரெண்டு தடவ இன்டக்ரேட் பண்ணா நகர்வு வரணும்ல? வந்துச்சு, ஆனா பேஸ்லைன் (பூஜ்யக் கோடு) வெறும் 0.001 மீ/வி² தப்பா இருந்தா போதும், 60 செகண்ட்ல 1.8 மீட்டர் பொய் நகர்வு சேர்ந்துடும், நேரத்தோட வர்க்கமா ஏறுதே. அத மூட்டை கட்டி வச்சாச்சு.

இப்போ ஓகாடாவோட 1985 பேப்பர்ல இருக்குற ஃபார்முலாவுக்கு வந்திருக்கேன், அதுல ஃபால்ட்டோட, நீளம், சாய்வு எல்லாம் குடுக்கலாம். சாய்வு 90 குடுத்தா காஸ் பூஜ்யம் ஆகி எல்லாம் நேன் (NaN, அதாவது எண்ணே இல்ல) நேன்னு வருது, அதுக்கு பேப்பர்லயே தனி ஃபார்முலா இருக்கு, நான் சோம்பேறித்தனமா 89.9 போட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன். நீளம் 600 கிமீ குடுத்தா நடுவுல பழைய ஆர்க்டேன் கோட்டு மேலயே கிட்டத்தட்ட உக்காருது, அதனால கோட் ஓரளவு சரின்னு நம்புறேன். அடுத்து 30 டிகிரி சாய்வு த்ரஸ்ட் (ஒரு பக்கம் இன்னொண்ணு மேல ஏறுற ஃபால்ட்), அந்த தனி ஃபார்முலாவ எழுதி முடிச்சுட்டு.