கருப்பி குட்டி போடும் வரை

ஜனவரி 3

கருப்பியைக் கிடாவோடு சேர்த்தது செப்டம்பர் 14. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், ஐந்து நாள் முன்பின் ஆகலாம். ஆக, பிப்ரவரி 6-லிருந்து 16-க்குள் எப்போது வேண்டுமானாலும். இன்னொரு ஆடு செவலை, அவளுக்கு இரண்டு வாரம் பின்னால்.

வயிற்றுக்குள் குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஆறு வாரத்தில்தான். குட்டி பெருக்கப் பெருக்க இரைப்பைக்கு இடம் குறைகிறது; தேவை கூடுகிற நேரம் பார்த்து ஆட்டால் நிறையத் தின்ன முடியாமல் போகிறது. அதனால் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பல வேளையாகப் பிரித்து வைக்கிறேன். தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும். பால் கறப்பதை டிசம்பர் நடுவிலேயே நிறுத்தியாயிற்று. மடிக்கும் ஓய்வு வேண்டுமே.

ஜனவரி 10

துள்ளுமாரிக்கும் (குடலில் நஞ்சு உண்டாக்கும் நோய்) டெட்டனஸுக்கும் தடுப்பூசி. ஈனுவதற்கு நாலைந்து வாரம் முன்பு போட்டால் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும். செவலைக்கு இரண்டு வாரம் கழித்து. கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: “இனிமே ஒரு வேளை தீவனம் எடுக்கலைன்னாகூட சும்மா விட்டுடாதீங்க.”

ஜனவரி 25

அவர் சொன்னது சரியாக இன்று நினைவுக்கு வந்தது. காலையில் கருப்பி தொட்டியை முகர்ந்துவிட்டு அப்படியே நின்றாள்.

இரட்டைக் குட்டி சுமக்கிற ஆடு பட்டினி கிடந்தால் உடம்பு தன் கொழுப்பையே கரைக்கத் தொடங்கும். அப்படிக் கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற கழிவு இரத்தத்தில் ஏறும். தனியாக ஒதுங்கி நிற்கும், பல்லை நறநறக்கும், பிறகு எழவே மாட்டாது. விட்டால் தாயும் போகும், குட்டியும் போகும். பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், தொட்டிக்குள் செவலை போட்ட புழுக்கை! கழுவிப் புதிதாக வைத்ததும் மிச்சம் வைக்காமல் தின்றாள். இந்த விஷயத்தில் ஆட்டுக்கு இருக்கிற சுத்தபத்தம் நமக்குக் கிடையாது.

பிப்ரவரி 3

கொட்டகை மூலையை அடைத்துத் தனி இடம் ஒதுக்கினேன். பழைய சாணி, ஈரம் எல்லாம் வழித்தெடுத்துக் காயவிட்டு, மேலே தடிமனாகக் காய்ந்த வைக்கோல். ஈரத்தரைதான் தொப்புள் வழியே நோயை ஏற்றுகிறது. பக்கத்திலேயே ஒரு பெட்டி: பழைய துண்டுகள், டிங்சர் அயோடின், கையுறை, வழுவழுப்புக்கு ஜெல், கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், டார்ச், பால்புட்டி. டாக்டரின் எண்ணைப் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டியாயிற்று. ராத்திரி பதற்றத்தில் போனில் தேட முடியாது. இன்னொன்று: வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் ஈனும் ஆட்டுப் பக்கமே வரவிடக் கூடாது. நஞ்சுக்கொடியிலிருந்தும் பனிக்குட நீரிலிருந்தும் தொற்றி, மனிதர்களுக்கும் கரு கலைக்கக்கூடிய கிருமிகள் உண்டு.

பிப்ரவரி 8

மடி இறங்கிவிட்டது, ஆனால் மடியை நம்புவதில்லை; சில ஆட்டுக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே இறங்கும், சிலதுக்குக் குட்டி போட்ட பிறகுதான். நான் நம்புவது வாலடியை. வால் தொடங்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் பென்சில் கனத்தில் இரண்டு தசைநார் தட்டுப்படும். அது இளகி, விரலுக்கே அகப்படாமல் போனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி. நேற்றுவரை விறைப்பு. இன்று இடதுபக்கம் கொஞ்சம் தளர்வு.

பிப்ரவரி 10, மாலை

தசைநார் காணோம். தீவனத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறாள், காலால் வைக்கோலைக் கிளறுகிறாள், தன் விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்து மெல்லக் கத்துகிறாள். மூலைக்கு மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 11, விடியற்காலை

பனிக்குடம் தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பலமாக முக்கி அரை மணி நேரத்தில் எதுவும் நகரவில்லையென்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். தேவைப்படவில்லை. இரண்டு முன்னங்கால் குளம்பு, அவற்றின் மேல் படிந்த மாதிரி ஒரு மூக்கு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் இதில் கஷ்டமான வேலை.

முதல் குட்டி கிடா. அடுத்த குட்டிக்கு வெளியே வந்த குளம்புகளின் அடிப்பாகம் மேல்நோக்கி இருந்தது. பின்னங்கால்! இப்படியும் ஈனலாம், பயமில்லை. ஆனால் தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள் கொடி நசுங்கும் என்பதால் தாமதிக்க முடியாது. அவள் முக்கும்போது மட்டும், தாயின் குதிகால் பக்கம் சாய்த்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது. மூக்கிலும் வாயிலும் சளியைத் துடைத்து, துண்டால் விலாவை அழுந்தத் தேய்க்க, தும்மியது. பெட்டை.

தொப்புள் கொடி இரண்டையும் அயோடினில் முக்கினேன். காம்பை ஒருமுறை பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட்டேன். பெட்டையின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், கதகதப்பாகத்தான் இருந்தது. சில்லிட்டிருந்தால் முதலில் உடம்பைச் சூடேற்ற வேண்டும், பால் அப்புறம்தான். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் சீம்பால் குடித்தன. எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும். மூன்று கிலோக் குட்டிக்கு 300 மில்லி.

பிப்ரவரி 11, மதியம்

நஞ்சுக்கொடி தானாகவே விழுந்தது. தொங்குகிறதே என்று இழுக்கக் கூடாது. 12 மணி நேரம் தாண்டினால் டாக்டர். கிடாக்குட்டி ஒரு காம்பையே பிடித்துக்கொண்டு தங்கையை முட்டித் தள்ளுகிறது. அதை நகர்த்தி, பெட்டையை மறுபக்கக் காம்பில் விட்டேன்.

செவலையின் வாலடி இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. மூலையில் வைக்கோல் மாற்றவேண்டும். அயோடின் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.